ஜப்பானிய அரிசியை வாங்குவதும் வடிக்காமல் ஆக்குவதும்

மதுரைப் பக்கத்தில் சோறு ஆக்கிப் பழகிய எவரும் தண்ணீருக்கு அளவு பார்ப்பதில்லை. உலையில் நீர் தாராளமாகக் கொதிக்கும்போது களைந்த அரிசியைப் போட்டு, சற்று நேரம் கழித்து ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்து, பதம் வந்ததும் கஞ்சியை வடித்துவிடுகிறோம். தண்ணீர் சற்றுக் கூடிப்போயிருந்தாலும் வடிதட்டு அந்தப் பிழையைச் சரிசெய்துவிடும். ஜப்பானிய அரிசியில் அதற்கு இடமில்லை. ஊற்றிய தண்ணீர் முழுவதும் அரிசிக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், களைவது, ஊறவைப்பது, அளப்பது, அடுப்பை அணைத்தபின் காத்திருப்பது ஆகிய நான்கையும் முதலிலேயே சரியாகச் செய்துவிட வேண்டும். நான் முதல் முறை பொன்னியைப் போலவே உலை வைத்து வடித்தேன்; தட்டுக்கு வந்தது சோறாக இல்லை, கூழாகவே இருந்தது.

அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு கூறுகள் உண்டு. அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரியாக வேகும், குறைந்தது ஒட்டிக்கொள்ளும். அன்றாடம் உண்ணப்படும் ஜப்பானிய ரகங்களில் அமைலோஸ் பெரும்பாலும் 15 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். நாம் சாப்பாட்டுக்கு விரும்பும் உதிரியான ரகங்களில் அது இதைவிடக் கூடுதல். ஆனால் ஒட்டுவது வேறு, குழைவது வேறு. சரியாக வெந்த ஜப்பானியச் சோற்றில் பருக்கைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தாலும் ஒவ்வொன்றும் தன் வடிவம் சிதையாமல் பளபளப்பாக இருக்கும்.

வாங்கும்போது பொட்டலத்தின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பதைவிடப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதையே முதலில் படியுங்கள். ‘சூஷி அரிசி’ என்பது ஒரு ரகத்தின் பெயரன்று. குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள எந்த அரிசியையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். ரகத்தின் பெயர் இருந்தால் நம்பிக்கை கூடும். 1956-இல் பெயரிடப்பட்ட கோஷிஹிகாரி இன்றும் ஜப்பானில் மிகப் பரவலாக விளையும் ரகம். அதன் வழியில் பிறந்து 1984-இல் வெளிவந்த அகிதாகொமாச்சியும் நல்லது. கலிபோர்னியாவில் 1948-இல் வெளியிடப்பட்ட கால்ரோஸ் சற்று நீண்ட நடுத்தர அரிசி. பழகுவதற்கு அதுவே போதும். வியட்நாமிலும் தாய்லாந்திலும் விளையும் ஜப்பானிய வகைகளும் நம் நாட்டில் விற்பனைக்கு வருகின்றன. மோச்சி அரிசி என்று எழுதியிருந்தால் மட்டும் எடுக்காதீர்கள். அதில் அமைலோஸ் அநேகமாக இல்லை, அது பலகாரத்துக்கு உரியது.

கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் இதைக் கேட்டால், குட்டையாகவும் குண்டாகவும் இருக்கிறது என்பதற்காக இட்லி அரிசியை எடுத்துத் தரக்கூடும். உருவம் ஒத்திருந்தாலும் அது புழுங்கல் அரிசி. நெல்லாக இருக்கும்போதே அவிக்கப்பட்டதால் எவ்வளவு வேகவைத்தாலும் இந்த ஒட்டும் பளபளப்பும் வராது. சீரகச் சம்பாவும் பிரியாணிக்குத்தான் பொருந்தும். எனவே இணையத்தில் வாங்குவது ஒரு வழி. சென்னையில் கொரியர்களுக்காக நடத்தப்படும் மளிகைக் கடைகளிலிருந்து, அந்தப் பக்கம் போய்வரும் உறவினர் மூலம் வரவழைப்பது இன்னொரு வழி. கொரியர்கள் அன்றாடம் உண்பதும் இதே இனத்து அரிசிதான்.

பழக்கத்துக்கு நேர்மாறான செய்தி ஒன்று உண்டு. நம் வீடுகளில் புது அரிசி பொங்கலுக்கு, பழைய அரிசி சாப்பாட்டுக்கு. ‘நல்ல பழைய அரிசி, குழையாது’ என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் நமக்கு இயல்பு. ஜப்பானில் புது அரிசிக்குத்தான் மதிப்பு. அறுவடையான ஆண்டின் டிசம்பர் 31-க்குள் தீட்டிப் பொட்டலமிட்ட அரிசியை மட்டுமே அங்கே ‘ஷின்மாய்’, அதாவது புது அரிசி, என்று குறித்து விற்கலாம். நாள்பட நாள்பட அரிசி உலர்ந்து ஒட்டும் தன்மையையும் மணத்தையும் இழக்கிறது. பழைய அரிசியில் நமக்குப் பிடித்த அதே மாற்றம் இங்கே குறையாகிவிடுகிறது. ஆகவே தீட்டிய நாளோ பொட்டலமிட்ட நாளோ மிக அண்மையில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விலை பொன்னியைப்போலப் பல மடங்கு இருப்பதால், பெரிய பொட்டலமாக எடுத்தால் கிலோவுக்குச் சற்று மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து கிலோ வாங்கத் தோன்றும். நான் அப்படி வாங்கி, சித்திரை மாத வெயிலில் அடுக்களை அலமாரியில் வைத்து, பாதிக்கு மேல் வண்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு கிலோ வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள்.

இனி அளவு. ஜப்பானியர் அரிசிக்குப் பயன்படுத்தும் ‘கோ’ என்ற அளவு 180 மில்லி. நம் பழைய ஆழாக்குக்கு நெருக்கமானது என்றாலும், ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மில்லியில் அளப்பதே நல்லது. இரண்டு கோ அரிசி ஏறத்தாழ 300 கிராம். அதற்கு 400 மில்லி தண்ணீர். மூன்று அல்லது நான்கு பேருக்குப் போதுமான சோறு கிடைக்கும்.

அரிசியில் முதலில் ஊற்றும் தண்ணீரைப் பத்து நொடிக்குள் கொட்டிவிட வேண்டும். உலர்ந்த அரிசி முதல் தண்ணீரைத்தான் மிக வேகமாக உறிஞ்சும். அந்த நீரில் தவிட்டு வாடை கலந்திருக்கும். பிறகு தண்ணீரை வடித்த அரிசியை விரல்களை வளைத்து இருபது முறை போலச் சுற்றிக் கலைத்து, நீரூற்றிக் கொட்டுங்கள். இவ்வாறு மூன்று முறை செய்தால் போதும்; கழுநீர் லேசாக மங்கியிருக்கலாம், கண்ணாடிபோலத் தெளிய வேண்டியதில்லை. தேய்த்துக் கசக்கினால் அரிசி உடையும். களைந்ததை வடிகூடையில் போட்டு மின்விசிறியின் கீழ் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் ஈர அரிசி வேகமாக உலர்ந்து விரிசல் விடும், விரிசல் விட்டது வேகும்போது சிதையும்.

நீரை நன்றாக வடித்துவிட்டு, அளந்த 400 மில்லியை ஊற்றி அதிலேயே அரை மணி நேரம் ஊறவையுங்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் பருக்கை விறைப்பாக வேகும் என்பதால் குடிதண்ணீரையே ஊற்றுங்கள். பிற்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையில் சுடுமளவு இருக்கும். அதைத் தவிர்த்து, மண்பானையில் குளிர்ந்த நீரை எடுங்கள். கண்ணாடிபோல இருந்த அரிசி முழுதும் பால் வெள்ளையாக மாறினால் ஊறிவிட்டது என்று பொருள்.

பாத்திரம் அடிகனமாக இருக்க வேண்டும், மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். மெல்லிய எவர்சில்வர் அடிபிடிக்கும். என் தேர்வு மானாமதுரை மண்சட்டி. புதுச் சட்டியை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, கழுநீரோ கஞ்சியோ ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குவதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். ஜப்பானியர் ‘தொனாபே’ எனும் தங்கள் மண்சட்டியையும் முதலில் கஞ்சி காய்ச்சித்தான் பழக்குகிறார்கள், மாவு புகுந்து நுண்துளைகள் அடைபடுவதற்காக. இரு நாட்டு அடுக்களைகளும் இவ்வளவு ஒத்த வழக்கத்தைக் கொண்டிருப்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

நடுத்தரத் தீயில் எட்டு முதல் பத்து நிமிடத்தில் கொதி வர வேண்டும். மூடியின் ஓரத்தில் ஆவி பலமாக வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பத்து அல்லது பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். இதற்கிடையில் மூடியைத் திறக்கக் கூடாது. பார்ப்பதற்குப் பதிலாகக் கேளுங்கள். முதலில் தளதளவென்ற கொதி ஓசை இருக்கும். நீர் வற்ற வற்ற அது அடங்கி, அடியில் மெல்லிய பொரியும் ஓசையாக மாறும். அந்த ஓசை கேட்டதும் அடுப்பை அணைத்து, மூடியபடியே இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். மேலே நின்ற ஈரம் பருக்கைக்குள் போய்ச் சேருவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். பசியோடு இருக்கும் பிள்ளைகள் அவசரப்படுத்தினாலும் இதைக் குறைக்காதீர்கள். திறக்கும்போது மேற்பரப்பில் ஆவி வெளியேறிய சிறு துளைகள் தெரிந்தால் நன்றாக வெந்திருக்கிறது. நனைத்த தட்டையான மரக்கரண்டியால் அடியிலிருந்து வெட்டிப் புரட்டி, நசுக்காமல் கிளறிவிடுங்கள்.

மின்சார ரைஸ் குக்கரிலும் இதே அளவு பொருந்தும். ஆனால் பாத்திரத்தின் உட்புறக் கோடு நம் அரிசிக்காகக் குறிக்கப்பட்டிருந்தால் தண்ணீர் கூடிவிடும், ஆகவே அளந்தே ஊற்றுங்கள்.

சாம்பாருக்கும் ரசத்துக்கும் இந்தச் சோறு ஏற்றதன்று; குழம்பு இதற்குள் ஊறாமல் மேலேயே நிற்கும். வறுத்த மீன், கத்தரிக்காய்த் தொக்கு, எள்ளுப்பொடி ஆகியவற்றோடு மிகவும் நன்றாக இருக்கும். மிஞ்சியதை வெளியில் வைக்காதீர்கள், நம் வெப்பத்தில் விரைவில் கெடும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மாவுச்சத்து இறுகிக் கல்போலாகும். ஒரு வேளைக்கு ஒரு பொதியாக, சூடு இருக்கும்போதே தட்டையாகச் சுற்றி, சற்று ஆறியதும் உறைபெட்டியில் வையுங்கள். பின்னர் உருகவிடாமல் அப்படியே இட்லித் தட்டில் வைத்து ஆவியில் சூடாக்கினால், மென்மையும் பளபளப்பும் பெருமளவு திரும்பி வரும்.