வழிகாட்டி நூலைப் பென்சிலோடு படியுங்கள்

பயண வழிகாட்டி வாங்கும்போது நான் முதலில் புரட்டுவது பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைத்தான். வெறும் மறுஅச்சு என்றால் உள்ளே பழைய தகவலே இருக்கும். திருத்திய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதும் திறக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். நம்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

உணவகப் பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். பண்டத்தின் பெயர், அதில் என்ன சேர்கிறது, எந்த வேளைக்குச் சாப்பிடுவார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மொழிப் பகுதி. உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டால் ஒரு சிக்கல்: 'கடல்', 'தங்கம்' இரண்டிலும் ஒரே 'க', ஒலிதான் வேறு. 'தங்கம்' ஒலி வரும் இடத்தில் எழுத்துக்கு அடியில் கோடு போடுவேன். ப, த, ட எல்லாவற்றுக்கும் இதே கோடுதான். எண்கள், 'எவ்வளவு?', 'காரம் வேண்டாம்', 'நன்றி' என்று பத்து வரி போதும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.