நிறுவனத்தில் சப்ளை செயின் ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் எம்பிஏ மாணவர்கள் தொழிற்சாலைகளுக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களில் இது வருஷா வருஷம் நடப்பது. ஆறு வாரமோ எட்டு வாரமோ இருப்பார்கள். போக்குவரத்துச் செலவைக் குறைப்பது, ஸ்டாக்கைக் குறைப்பது, வண்டி உள்ளே வந்து வெளியே போகும் நேரத்தைக் குறைப்பது என்று மூன்றில் ஒன்று தலைப்பாக இருக்கும். அவர்களுக்கு வழிகாட்டும் வேலை பல வருஷமாக என்னிடம் வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனாலும் எங்கள் தலைமுறை மாணவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் வரலாற்றை இருபது பக்கம் எழுதாதீர்கள், எக்செல் கணக்கைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் உங்கள் பேராசிரியரே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கருவியை முடிவு செய்துவிட்டுப் பிரச்சினையைத் தேடுவது

"சார், நான் ஏபிசி அனாலிசிஸ் பண்ணலாம்னு இருக்கேன்" என்று முதல் நாளே சொல்வார்கள் (பொருட்களை மதிப்பைப் பார்த்து ஏ, பி, சி என்று பிரிக்கும் முறை அது). எதற்காக என்று கேட்டால் பதில் வராது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வியோடு வாருங்கள்: போன மாதம் எந்தெந்தப் பொருளுக்காக அவசரமாக ஸ்பெஷல் வண்டி பிடித்தீர்கள்? அந்தப் பட்டியல் எல்லா நிறுவனத்திலும் இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் உங்களுக்கான பிரச்சினை தானாக வந்து நிற்கும். எந்தக் கருவி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிஸ்டத்தில் உள்ள தேதியை, நடந்த தேதி என்று நம்புவது

இதை மட்டும் நீளமாகச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

மாணவர் ஈ.ஆர்.பி.யிலிருந்து, அதாவது நிறுவனத்தின் ஆர்டர், சரக்குப் பதிவெல்லாம் இருக்கும் மென்பொருளிலிருந்து, ஒரு வருஷ டேட்டாவை இறக்குவார். ஆர்டர் போட்ட தேதி ஒரு நெடுவரிசையில் இருக்கும். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். தேதி இன்னொரு நெடுவரிசையில் இருக்கும். இரண்டையும் கழித்தால் லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரையான நாட்கள்) வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். சராசரி, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம் எல்லாம் கண்டுபிடித்து, தட்டுப்பாடு வராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்புக்கான சூத்திரத்தில் போட்டு, இத்தனை பீஸ் வைத்திருக்க வேண்டும் என்று முடிவும் எழுதிவிடுவார். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் ஜி.ஆர்.என். தேதி, அந்தக் காலத்துப் பெரியவர்களின் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி மாதிரி. பதிவு செய்ய வசதியாக இருந்த ஒரு நாள், அவ்வளவுதான்.

சரக்கு வந்த பிறகும் ஜி.ஆர்.என். தள்ளிப் போக எத்தனையோ காரணம் உண்டு. வண்டி ராத்திரி வந்திருக்கும், பதிவு போடுகிறவர் பகல் ஷிஃப்டில் மட்டும் இருப்பார். பில்லில் உள்ள விலையும் ஆர்டரில் உள்ள விலையும் ஒத்துப்போகாமல் சிஸ்டம் ஏற்க மறுத்திருக்கும். தரப் பரிசோதனையில் நின்றிருக்கும். மாதக் கடைசியில் ஸ்டாக் மதிப்பு கூடிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றாம் தேதி வரைக்கும் பதிவு போடாமல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொருள் நாளைக்கு 100 தேவை. தினத் தேவையின் திட்ட விலக்கம் 20. உண்மையில் சரக்கு 4 நாளில் வந்துவிடுகிறது, அதில் ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) 1 நாள். 95 சதவீதச் சேவை அளவுக்கு, அதாவது நூற்றுக்கு 95 முறை சரக்குத் தட்டாமல் இருப்பதற்கு, பாதுகாப்பு இருப்பு சுமார் 178 பீஸ் வரும். அதே பொருளுக்கு ஜி.ஆர்.என். தேதியை வைத்துப் பார்த்தால் லீட் டைம் 6 நாள், ஏற்ற இறக்கம் 4 நாள் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விடை சுமார் 665 பீஸ். லீட் டைமின் ஏற்ற இறக்கத்தின் வர்க்கம் அந்தச் சூத்திரத்தில் தினத் தேவையின் வர்க்கத்தால் பெருக்கப்படுகிறது. அதனால்தான் அங்கே விழும் சின்னப் பிழையும் இப்படி ஊதிப் பெருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் இப்படி எழுதப்பட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மேலதிகாரிகள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ரப்பர் சீல்களுக்கான இருப்பு அளவை ஏற்றினார்கள். ஸ்டோர்ஸில் இடம் போதாமல் வெளியே குடோன் வாடகைக்கு எடுத்தார்கள். சில மாதத்தில் அந்த சீலின் டிசைன் மாறியது. பழைய சரக்கு முழுக்கக் கழிவாகப் போனது.

பணம் போனதைவிட இன்னொன்றுதான் எனக்கு ஆறவில்லை. அந்த ரிப்போர்ட்டில் சப்ளையரைச் 'சொன்ன நேரத்துக்குத் தராதவர்' என்று எழுதியிருந்தார்கள். அவருடையது சின்னப் பட்டறை. வண்டியைச் சரியான நாளில்தான் அனுப்பியிருக்கிறார். அது வாங்கிய நிறுவனத்தின் கேட்டுக்கு வந்து காத்துக்கிடந்ததற்கு அவருடைய மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஜி.ஆர்.என். தேதியிலிருந்துதான் பணம் தரும் நாளையும் எண்ணினார்கள் என்பதால் அவருக்கு இரண்டு பக்கமும் அடி. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டமே இந்த வித்தியாசத்தைத் தெளிவாக வைத்திருக்கிறது: சரக்கு வந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கு வந்து சேர்ந்த நாளே அதை ஏற்றுக்கொண்ட நாள். உங்கள் எக்செல் தாளில் ஒரு தவறான நெடுவரிசை ஒரு மனிதரின் தொழிலைத் தொடும் என்பதை மறக்காதீர்கள்.

சரி, உண்மையான தேதிக்கு எங்கே போவது? முதலில் கேட்டுக்குப் போங்கள். செக்யூரிட்டியிடம் இன்வர்டு ரிஜிஸ்டர் இருக்கும். வண்டி எண், நேரம், பில் எண் மூன்றும் அதில் இருக்கும். போன வருஷம் ஒரு மாணவியை அங்கே அனுப்பினேன். "அண்ணே, ஹோசூர் வண்டி எப்பவும் சாயங்காலம்தானே வரும்?" என்று கேட்டிருக்கிறாள். சிஸ்டத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "இல்லம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கே வந்துடும். டிரைவர் வண்டிக்கு அடியில படுத்திருப்பார். காலையில சரக்கு இறக்குற டாக் காலியானாதான் உள்ள விடுவோம்" என்றாராம். அவளுடைய ப்ராஜெக்ட்டின் மொத்தத் திசையும் அந்த ஒரு பதிலில் மாறிவிட்டது.

அப்புறம் எடை மேடைச் சீட்டு. அதில் நேரம் அச்சாகியிருக்கும். லாரி ரசீது, அதாவது எல்.ஆர். காப்பியைப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட்காரர் மனம் வைத்தால் ஃபாஸ்டேக் கணக்கில் எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பதும் கிடைக்கும். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால் தேசிய நெடுஞ்சாலையில் வரும் வண்டிக்கு இந்தத் தடயம் இருக்கும். சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் ஈ-வே பில்லில் உள்ள நேரத்தை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். 2021 முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் தருகிறார்கள். ஆகவே பில்லை மதியம் போட்டுவிட்டு வண்டியை ராத்திரி கிளப்பினாலும் யாருக்கும் சிக்கல் வராது. பில் போட்ட நேரம் வண்டி கிளம்பிய நேரமாக இருக்க வேண்டியதில்லை.

எல்லா வண்டிக்கும் இதைச் செய்ய முடியாது. முப்பது நாற்பது வண்டிகளுக்குச் செய்து, சிஸ்டம் தேதியோடு ஒப்பிட்டு, அந்த இடைவெளியை ரிப்போர்ட்டின் முதல் அட்டவணையாகப் போடுங்கள். பல நிறுவனங்களில் அந்த ஒரு அட்டவணைக்கே நீங்கள் வந்ததன் பலன் கிடைத்துவிடும்.

கடைசி மூன்று மாதத்தை வைத்து வருஷத்தைச் சொல்வது

ஏப்ரலில் வந்து 'கடைசி மூன்று மாதம்' என்று கேட்டால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கிடைக்கும். ஜனவரியில் பொங்கல். டிரைவர்களும் லோடுமேன்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். மார்ச் நிதியாண்டின் கடைசி மாதம். விற்பனை இலக்கைத் தொடுவதற்காக ஒரு மாதச் சரக்கில் பெரும்பகுதியைக் கடைசி வாரத்தில் தள்ளுவார்கள். பிப்ரவரி ஒன்றுதான் ஓரளவு இயல்பான மாதம், அதுவும் நாள் குறைந்தது. ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களையும் சேர்த்து ஒரு முழு வருஷம் வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை: மார்ச் மாத ஏற்றத்தைப் பார்த்ததும் 'புல்விப் எஃபெக்ட்' என்று எழுதிவிடுவது. வாடிக்கையாளர் தேவை கொஞ்சம் மாறினாலும் சப்ளையர் பக்கம் போகப் போக ஆர்டர் பெரிதாக ஏறி இறங்குவதற்குத்தான் அந்தப் பெயர். 1997இல் ஹாவ் லீயும் அவருடைய சகாக்களும் அதற்கு நான்கு காரணங்களைப் பிரித்துச் சொன்னார்கள்: தேவை மதிப்பீட்டைத் திரும்பத் திரும்ப மாற்றுவது, ஆர்டரைச் சேர்த்துவைத்துப் போடுவது, விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாட்டுக்குப் பயந்து கூடுதலாகக் கேட்பது. உங்கள் நிறுவனத்தில் எது நடக்கிறது என்று காட்டாமல் பெயரை மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

டன்னை மட்டும் பார்ப்பது

32 அடி கண்டெய்னர் லாரியில் ஏறக்குறைய 2,000 கன அடி இடம் உண்டு. பம்பர் ஏற்றினால் எடை மூன்றில் ஒரு பங்கைத் தொடும் முன்பே இடம் நிறைந்துவிடும். அதைப் பார்த்து 'லாரி பாதி காலியாக ஓடுகிறது' என்று எழுதுகிறார்கள். வார்ப்படப் பொருள் ஏற்றினால் தலைகீழ்: எடை முடிந்துவிடும், இடம் கிடக்கும். இரண்டு கணக்கையும் போட்டு, எது முதலில் நிறைகிறது என்று பாருங்கள். 2018இல் அச்சு எடை வரம்பை மத்திய அரசு உயர்த்தியது. பழைய ரிப்போர்ட்டிலிருந்து டன் கணக்கை எடுக்காமல் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்.

கூகுள் மேப் நேரத்தை லாரிக்குப் போடுவது

அது கார் போகும் நேரம்.

வாடகையைக் கிலோமீட்டரால் வகுப்பது

ஒரே சாலை, ஒரே தூரம், ஆனாலும் போகும் வாடகையும் வரும் வாடகையும் வேறாக இருக்கும். அந்த ஊரிலிருந்து ரிட்டர்ன் லோடு கிடைக்குமா என்பதைப் பார்த்துத்தான் லாரி உரிமையாளர் விலை சொல்வார். இதைப் புரிந்துகொள்ள நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால் போதும். டீசல், சுங்கம், டிரைவர் படி, டயர், மாதத் தவணை என்று வரிசையாகச் சொல்வார். வண்டியைக் காக்க வைப்பதற்கான ஹால்டிங் சார்ஜையும் மறக்காமல் கேளுங்கள். வண்டியை உங்கள் நிறுவனம் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறது என்பது அடுத்த முறை சொல்லும் வாடகையில் ஏறியிருக்கும்.

மூன்று சின்ன வண்டியை ஒரு பெரிய வண்டியாக்கி மிச்சம் காட்டுவது

வாடகை குறையும், உண்மைதான். ஆனால் திரும்பிப் போக வேண்டிய காலிப் பெட்டிகள்? நாளைக்கு 600 பீஸ், பெட்டிக்கு 20 என்றால் தினம் 30 பெட்டி. போய்த் திரும்பி வர 4 நாள் என்றால் 120 பெட்டி சுற்றில் இருக்க வேண்டும். தினமும் வந்த வண்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை என்று மாற்றினால் சுற்று இன்னும் இரண்டு நாள் நீளும், 180 பெட்டி வேண்டும். அதிகப்படி 60 பெட்டியின் விலை, அவற்றை வைக்கும் இடம், ஒரே நேரத்தில் வந்து நிற்கும் லோடை இறக்க ஆள், வண்டி ஒருநாள் பிந்தினால் லைன் நிற்பது எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சம் இருந்தால் எழுதுங்கள்.

வாடகை விவரத்தை ரிப்போர்ட்டில் அப்படியே போடுவது

கூடாது. முதல் மாத வாடகையை 100 என்று வைத்து மாற்றத்தை மட்டும் காட்டுங்கள்.

பரிந்துரையால் யாருக்கு வேலை கூடும் என்று பார்க்காமல் விடுவது

போக்குவரத்தில் மிச்சம் பிடித்தால் பெயர் பர்ச்சேஸுக்கு, சுமை ஸ்டோர்ஸுக்கு. அதனால்தான் நல்ல பரிந்துரைகள்கூட அலமாரியில் கிடக்கின்றன. கேட்டுக்குப் போன அந்த மாணவி இதைச் சரியாகச் செய்தாள். வண்டி வந்த நேரத்தை செக்யூரிட்டியே சிஸ்டத்தில் பதிய வேண்டும் என்பது அவள் யோசனை. மேலாளரிடம் போகும் முன் ராத்திரி ஷிஃப்ட் செக்யூரிட்டியிடமும் ஸ்டோர்ஸ் கிளார்க்கிடமும் காட்டினாள். "ஒரு வண்டிக்கு அஞ்சு கட்டம் நிரப்பச் சொன்னா முடியாதும்மா, ரெண்டுன்னா செய்யலாம்" என்றார் செக்யூரிட்டி. வண்டி எண், பில் எண் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். நேரத்தை சிஸ்டமே போட்டுக்கொண்டது. அந்தத் திரை இன்றைக்கும் கேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.