சார்ல்ஸ்டன்: கைத்தட்டலில் தொடங்கிக் கால்வரை

கல்லூரி விழாவுக்காக, 1920களின் அமெரிக்க ஜாஸ் நடனமான சார்ல்ஸ்டனை ஆடக் கற்றுக்கொடுங்கள் சித்தி என்று அக்கா மகள் கேட்டாள். நான் முதலில் அவள் காலை அசைக்கவே விடவில்லை. கையைத் தட்டச் சொன்னேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். ஒன்று முதல் எட்டு வரை ஒரே சீராக எண்ணுங்கள். ஒன்றிலும் நான்கிலும் மட்டும் தட்டுங்கள். அந்த இரண்டாவது தட்டு, காது எதிர்பார்க்கிற இடத்துக்கு ஒரு எண் முன்னாலேயே விழுந்துவிடும். ஆட்டத்தின் உயிரே அந்த முந்தலில்தான் இருக்கிறது.

இந்தத் தாளம் அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. நியூயார்க்கில் ஜேம்ஸ் பி. ஜான்சன் பியானோ வாசித்த ஒரு நடனக்கூடத்துக்கு, தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஆட வருவார்கள். அவர்கள் ஆட்டத்துக்கு வாசித்து வாசித்துப் பிடித்த தாளத்தில் அவர் அமைத்த பாட்டு, 1923இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில், ‘ரன்னின் வைல்ட்’ என்ற இசை நாடகத்தில் மேடையேறியது. அதன் பிறகு ஊரெல்லாம் இதே ஆட்டம்தான். 1925இல் அமெரிக்கக் கறுப்பின நடனக்கலைஞர் ஜோசபின் பேக்கர் பாரிஸ் மேடையில் இதை ஆடினார். இந்த ஆட்டத்துக்குப் போடும் குஞ்சம் வைத்த கவுனையும் முத்துமாலையையும் மட்டும் பார்த்துவிட்டு இதைக் கற்க வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை.

இனி முழங்கால். பாதங்களைச் சற்றே அகட்டி நின்று, முழங்காலைத் தளர்த்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் உடம்பு கொஞ்சம் இறங்கி எழட்டும். குதிக்க வேண்டாம். விறைத்த காலோடு எந்த அடி வைத்தாலும் அது சார்ல்ஸ்டன் ஆகாது.

இந்தத் துள்ளல் நிற்காமல் ஓடும்போதே அடியைச் சேருங்கள். இதற்குத் தனியாக நிதானமான ஒரு எட்டு: கைத்தட்டலில் இரண்டு எண் போகும் நேரத்தில் காலுக்கு ஒரு எண். உடல் எடை இடது காலில் இருக்கட்டும். ஒன்றில் வலது காலை முன்னே நீட்டி விரல்நுனியால் தரையைத் தொடுங்கள். மூன்றில் அதே காலைப் பின்னே கொண்டுவந்து ஊன்றுங்கள். ஐந்தில் இடது கால் பின்னே போய்த் தொடட்டும். ஏழில் அது முன்னே வந்து ஊன்றட்டும். வலது கால் முன்னே போகும்போது இடது கை முன்னே வரும். நடக்கும்போது வருகிற கைவீச்சுதான், கொஞ்சம் தாராளமாக.

நிறைய பேர் தடுமாறுவது குதிகால் திருப்பலில். முன்பாதத்தில் எடையை வைத்து, இரண்டு குதிகால்களையும் வெளியே தள்ளுங்கள், உள்ளே சேருங்கள். கால் காற்றில் இருக்கும்போது குதிகால் வெளியே. தரையைத் தொடும்போது உள்ளே. தரையில் இருக்கிற காலும் கூடவே திரும்ப வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் தனியாகப் பழகிவிட்டு, அப்புறம் அடியோடு சேருங்கள்.

செருப்பு விஷயத்தில் நான் கண்டிப்பு. ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நின்றுவிட முழங்கால் திருகும். தோல் அடிப்பாகம் உள்ள ஷூ நல்லது. எங்கள் கூடத்துச் சிவப்பு சிமெண்ட் தரை இதற்கென்றே போட்டது மாதிரி வாகாக இருக்கிறது. டைல்ஸில் சாக்ஸோடு ஆட வேண்டாம், சறுக்கிவிடும்.

முழங்கால் மேல் கைகளை மாற்றி மாற்றி வைக்கும் அந்த வித்தையை எல்லோரும் கேட்பார்கள். குனிந்து கைகளை முழங்கால்களில் வையுங்கள். முழங்கால்கள் ஒட்டும் கணத்தில் கைகளை இடம் மாற்றி, அப்படியே விரியுங்கள். மறுபடி ஒட்டும்போது பழைய இடத்துக்கு மாற்றுங்கள். பார்க்கத்தான் பெரிய வித்தை.

பாட்டைக் கடைசியில் போடுங்கள், முதலில் மெதுவான ஜாஸ். அந்தக் காலத்து இசைத்தட்டுகளின் வேகத்துக்குப் போகும்போது மூச்சு வாங்கினால் குதிகால் திருப்பலை விட்டுவிட்டு அடியை மட்டும் வையுங்கள். துள்ளலை மட்டும் நிறுத்தாதீர்கள்.