கூட்டமே நடக்காத ஆணையத்துக்கு மூடுவிழா நடத்துவது எப்படி

தொழில் புத்தாக்கத்துக்கென்று ஒரு அரசு ஆணையம். பெயர்ப்பலகை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கூட்டம் நடந்து மட்டும் பத்து வருஷமாகிறது. இதை மூடிவிடலாமே என்று யாராவது ஆரம்பித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதிர்க்க ஆளே இருக்காது, ஆனாலும் அது மூடப்படாது. சண்டை இல்லாத கோப்புக்கு அவசரமும் இல்லை, அதனால் அது அடுக்கின் அடியிலேயே கிடக்கும். அந்தக் கோப்பு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஆணையம் எந்தத் தாளில் பிறந்தது என்று தேடுங்கள். சட்டமா, அரசாணையா, அமைச்சரவைத் தீர்மானமா? துறையில் கேட்டால் "சட்டப்படி அமைந்ததுதான்" என்று பதில் வரும், நம்பாதீர்கள், மூலத்தை எடுத்துப் படியுங்கள். அமைச்சரவைத் தீர்மானத்தில் பிறந்ததை இன்னொரு தீர்மானம் மூடிவிடும். இந்தியாவின் திட்டக் குழு எவ்வளவு பெரிய அமைப்பு, ஆனால் அது 1950 மார்ச்சில் வெறும் தீர்மானத்தில் பிறந்தது, அதனால் 2015 ஜனவரி 1 அன்று இன்னொரு தீர்மானம் போட்டு அதன் இடத்தில் நிதி ஆயோக்கைக் கொண்டுவர முடிந்தது, சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. சட்டத்தில் பிறந்தது அப்படியில்லை. அதில் மூன்றே பேர் இருந்தாலும் சட்டமன்றத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அரசாணையால் சட்டத்தை வெட்ட முடியாது.

இந்த இடத்தில் பலரும் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: "பணத்தை நிறுத்திடுங்க, தானா செத்துடும்." சாகாது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 1972-இல் சட்டம் போட்டு உருவாக்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் இதற்கு நல்ல உதாரணம். 1995-இல் நிதியை நிறுத்தினார்கள், ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள், கதவு சாத்தப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதனால்தான் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம், பணம் ஒதுக்கினாலே போதும் என்று சொல்லி அதை எழுப்பும் பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. வேண்டுமென்றே அப்படி விட்டுவைத்தால் அது ஒரு கணக்கு. மூட நினைத்துவிட்டு அப்படி விட்டால் அது அரைகுறை வேலை.

சரி, தாள் கிடைத்துவிட்டது, அது சட்டம்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுங்கள். பெரும்பாலும் அதன் கடைசி வரி "அடுத்த கூட்டத்தின் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்" என்றுதான் இருக்கும், அந்தப் பின்னர் இன்னும் வந்திருக்காது. உறுப்பினர் பட்டியலில் யாருடைய பதவிக்காலம் எப்போது முடிந்தது, குறைந்தபட்ச வருகைக்கு எத்தனை பேர் வேண்டும், இப்போது எத்தனை பேர் மிச்சம், ஆண்டறிக்கை கடைசியாக எந்த வருஷம் தாக்கலானது, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பிறகு யார் கேள்வி கேட்டாலும் அந்த ஒரு பக்கத்தை நீட்டினால் போதும்.

இதில் கொஞ்சம் நேர்மையும் வேண்டும். ஆணையம் தூங்கியதா, தூங்க வைக்கப்பட்டதா? காலியிடங்களை நிரப்பாமல் வைத்திருந்தது அரசுதான் என்றால், "செயல்படவில்லை, ஆகவே மூடுகிறோம்" என்று எழுதுவது கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஏன் எழுதவில்லை என்று கேட்பது மாதிரி. ஆணையத்தின் பணிகள் என்று சட்டம் சொல்வதை இடப்பக்கம் எழுதுங்கள், அதை இப்போது யார் செய்கிறார்கள் என்பதை வலப்பக்கம். புத்தாக்க விஷயத்தில் வலப்பக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும்: தொழில்துறை, அறிவியல் துறை, காப்புரிமை அலுவலகம், ஸ்டார்ட்அப் திட்டம் என்று ஆளுக்கொரு துண்டைப் பிடித்திருப்பார்கள். எங்காவது வலப்பக்கம் காலியாக நின்றால் அந்தப் பணி வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே முடிவெடுங்கள். வேண்டும் என்றால் யாரிடம் கொடுப்பது என்பதும் மசோதாவிலேயே வரவேண்டும்.

இனிமேல்தான் உண்மையான உழைப்பு. ஆணையத்தின் பெயர் வேறு எந்தெந்தச் சட்டத்தில், விதியில், அரசாணையில் வருகிறது என்று தேடவேண்டும். முழுப்பெயரை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும், பழைய பெயர், சுருக்கப்பெயர், "மேற்படி ஆணையம்" என்று ஓடும் வரிகள், இன்னொரு குழுவில் "பதவிவழி உறுப்பினர்: ஆணையத் தலைவர்" என்ற நுழைவு, இவை எல்லாமே வேண்டும். மானிய விதி ஒன்றில் "ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் வழங்கப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பரிந்துரை கேட்காமலே வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் உறுத்தியிருக்காது. ஆணையத்தை மூடிய மறுமாதம் தணிக்கைக்காரர் அந்த வரியை எடுத்துக் காட்டி, இல்லாத அமைப்பு எப்படிப் பரிந்துரைத்தது என்று கேட்பார். மானியம் நிற்கும், பழி உங்கள் மேல் விழும். கண்ணில் பட்ட ஒவ்வொரு வரிக்கும் நீக்கு, மாற்று, விட்டுவிடு என்று மூன்றில் ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள்.

மசோதா எழுதும்போது "இச்சட்டம் ரத்து செய்யப்படுகிறது" என்ற ஒற்றை வரியோடு நிறுத்த ஆசை வரும். அதோடு குறைந்தது இதையாவது சேருங்கள்: "குறித்த நாளன்று ஆணையம் கலைந்துவிடும், அதன் சொத்துகள், கடன்கள், ஒப்பந்தங்கள், ஆவணங்கள் அனைத்தும் துறைக்கு மாறும், ஆணையம் தரப்பாக உள்ள வழக்குகளில் துறை அதன் இடத்தில் நிற்கும், அதற்கு முன் முறையாகச் செய்யப்பட்ட எதுவும் இந்த ரத்தினால் செல்லாததாகாது." இந்தியாவில் 1897-ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இந்த வாசகத்தின் கடைசிப் பகுதியை ஓரளவு பார்த்துக்கொள்ளும், ஆனால் சொத்து யாருக்கு என்பதை அது சொல்லாது.

நிலுவையில் உள்ளவற்றை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் எம்.ஆர்.டி.பி. ஆணையத்தைப் பாருங்கள், ஏகபோகத்தையும் போட்டியை முடக்கும் வணிக முறைகளையும் கண்காணித்த அமைப்பு அது. அதன் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2002-இலேயே போட்டிச் சட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் பழையது ரத்தானது 2009 செப்டம்பர் 1-இல்தான். அப்போதும் பழைய வழக்குகளை முடிக்க ஆணையத்துக்கு இரண்டு வருஷம் தருவதாக ஏற்பாடு. பிறகு அந்த ஏற்பாட்டையும் சில வாரங்களிலேயே மாற்றி, வழக்குகளை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினார்கள். உங்கள் ஆணையத்தில் வழக்குகள் குவிந்திருக்காது, அது ஒரு நிம்மதி. ஆனால் நிறுவனங்கள் நம்பிக் கொடுத்த தொழில் ரகசியங்கள் ஏதாவது ஒரு அலமாரியில் இருக்கலாம். ஆவணங்கள் துறைக்குப் போகும்போது அந்த ரகசியக் காப்புக் கடமையும் கூடவே போகிறது என்று மசோதாவில் எழுதுங்கள். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நிறைவேற்றுவதற்கு என் யோசனை, தனி மசோதாவாகக் கொண்டுபோகாதீர்கள். இப்படிக் கிடக்கும் நான்கைந்து அமைப்புகளைச் சேர்த்து ஒரே மசோதாவாக்கினால்தான் அவையில் நேரம் கிடைக்கும். பிரிட்டன் 2011-இல் பொது அமைப்புகள் சட்டம் என்றே ஒன்றைப் போட்டு, அட்டவணையில் உள்ள அமைப்புகளை அமைச்சரின் ஆணையால் மூட வழிசெய்தது. டெக்சாஸில் 1977 முதலே வேறு முறை. அங்கே அமைப்புகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, வழக்கமாக 12 வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு, தொடரட்டும் என்று சட்டமன்றம் சொல்லாவிட்டால் அது தானாக முடிந்துவிடும். உங்கள் சட்டத்தில் அந்த வசதி இருந்திருந்தால் இந்தக் கோப்பே உங்களிடம் வந்திருக்காது, ஆகவே அடுத்து யாராவது புது ஆணையம் அமைக்கும்போது முடிவுத் தேதி எங்கே என்று கேளுங்கள்.

"இதனால் எவ்வளவு மிச்சம்?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள், கூட்டமே நடக்காத அமைப்பில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? சட்டப் புத்தகமும் நடைமுறையும் ஒத்துப்போகும், விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் ஏமாறமாட்டார்கள், அது போதுமான காரணம்.

அரசிதழில் வந்த பிறகும் சில்லறை வேலைகள் உண்டு. கடைசிக் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுத்து, வங்கிக் கணக்கை மூடி, முத்திரையை அழித்துப் பதிவேட்டில் குறித்து, அறிக்கைகளை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். மிச்சமிருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள், தாங்கள் இன்னும் உறுப்பினர்தான் என்பதே சிலருக்கு அப்போதுதான் தெரியவரும். இணைய முகவரியை மட்டும் உடனே கைவிட வேண்டாம், சில வருஷம் புதுப்பித்துத் துறையின் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். விட்டீர்கள் என்றால் வேறு யாராவது அதை வாங்கி, அரசுப் பெயரிலேயே லாட்டரி விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.