மனதுக்குள் இரண்டு குரலா? இரண்டு நாற்காலி போடுங்கள்

வேலையை விட்டுவிட்டு மேலே படிக்கலாமா, இருப்பதே போதுமா என்று மாதக்கணக்கில் மனம் இழுபறியில் கிடந்தால், சாதக பாதகப் பட்டியல் பெரிதாக உதவாது. அந்த வாதங்களை எல்லாம் மனசு ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கும். இந்தக் கணத்தில் உணர்வதைக் கவனிக்கச் சொல்லும் கெஸ்டால்ட் என்ற உளவியல் சிகிச்சையில் மனநல மருத்துவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் பரவலாக்கிய, பின்னர் உளவியலாளர் லெஸ்லி கிரீன்பெர்க் ஆராய்ந்து செப்பனிட்ட நாற்காலி முறையைச் செய்து பாருங்கள்.

தனியறை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, அரை மணி நேரம். ஒன்றில் உட்கார்ந்து, உங்களை அதட்டும் குரலாகவே மாறி எதிர் நாற்காலியிடம் வாய்விட்டுப் பேசுங்கள்: “நீ எதையும் முடிக்கமாட்டே.” அத்தோடு நிறுத்தாமல், எதை, எப்போது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாகத் திட்டினால் மறுபக்கம் சுருண்டுவிடும், பதில் வராது.

இடம் மாறுங்கள். உடனே வாதாட வேண்டாம். அந்தப் பேச்சைக் கேட்டதும் நெஞ்சிலோ தொண்டையிலோ என்ன நடக்கிறது என்று கவனித்து, முதலில் அதைச் சொல்லுங்கள். பிறகு, “எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது இது” என்று கேளுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். அழுது தீர்த்துவிட்டு, கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள்.

மீண்டும் முதல் நாற்காலி. அதட்டலுக்கு அடியில் பெரும்பாலும் “நீ தோற்றுவிடுவாயோ” என்ற பயம் இருக்கும். அதை வெளியே சொன்னால் குரல் தணியும். இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் ஒரு சின்ன அடியை அப்போதே எழுதிவையுங்கள்: வேலையில் இருந்தபடியே ஒரு மாலைநேர வகுப்பு என்பதுபோல.

பழைய கொடுமைகளின் நினைவு பொங்கினாலோ, உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, இந்தியாவில் இருந்தால் அரசின் இலவச மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழையுங்கள்.