கேமராவுக்குக் கேட்டோம், படிக்கிறவருக்குக் கேட்கவில்லை: ஆவண நல்கை விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஏடுகளையும் பத்திரங்களையும் எண்மமாக்கி (டிஜிட்டல் படங்களாக்கி) பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவர நல்கை, அதாவது நிதியுதவி, கோரும் இளைஞர்கள், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி என்னிடம் வருவதுண்டு. சென்ற மாதம் வந்த மூன்று விண்ணப்பங்களில் இரண்டில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கடைசித் தேதியைத் தவறவிடுவது, கூட்டுத்தொகை பொருந்தாமல் போவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆர்க்கேடியா நிதியத்தின் கொடையைக் கொண்டு பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் ‘எண்டேஞ்சர்டு ஆர்க்கைவ்ஸ் புரோகிராம்’ என்ற திட்டத்தை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு வேளாண் வரலாற்று ஆவணங்களையும் பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களையும் எண்மமாக்கியது இதன் உதவியால்தான்.

பணம் எந்தக் கணக்கில் வந்து சேரும் என்று கேட்காதது

வெளிநாட்டு நல்கையை இந்தியாவில் ஓர் அமைப்பு பெற வேண்டுமானால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ, குறிப்பிட்ட அந்தத் தொகைக்கான முன் அனுமதியோ இருக்க வேண்டும். பதிவுள்ள பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கி நம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2020இல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. வாங்கிய அமைப்பு இன்னோர் அமைப்புக்கு அதை மாற்றித் தரக்கூடாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே பதிவுள்ள நிறுவனமே விண்ணப்பதாரராக இருந்து வேலையை நடத்தட்டும், நீங்கள் அதன் திட்டக்குழுவில் இருங்கள். அதற்கும் வழியில்லாதவர்கள், சுவடிகளையும் அரிய நூல்களையும் பாதுகாக்க இந்தியத் தேசிய ஆவணக்காப்பகம் தரும் நிதியுதவியை முதலில் பார்க்கலாம்.

பட்டியலிடுகிறவருக்குப் பணம் ஒதுக்காதது

தொடக்கத்தில் சொன்ன என் தவறு இதுதான். ஒவ்வொரு பத்திரத்தையும் படித்து அதன் ஆண்டு, ஊர் முதலிய விவரங்களைத் தேடக்கூடியபடி பதிவதுதான் பட்டியலிடுதல்; அது இல்லாமலே, படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தவன் நான். சிவகங்கைப் பக்கம் ஒரு கணக்குப்பிள்ளை குடும்பத்தின் பரணில் கிடந்த கிரையப் பத்திரங்கள், ஒத்திப் பத்திரங்கள், முச்சலிக்காக்கள் (எழுதிக் கொடுத்த ஒப்பந்தச் சீட்டுகள்), கிராமக் கணக்குகள் ஆகியவற்றுக்காக நான் எழுதிய வரவுசெலவுத் திட்டத்தில் கேமராக்கள், விளக்குகள், ஹார்ட் டிஸ்க்குகள், படமெடுக்கும் இளைஞர் இருவருக்கு ஓராண்டுச் சம்பளம் எல்லாம் ரூபாய் பிசகாமல் இருந்தன; பட்டியலிடுதலுக்கு எதிரே மட்டும் ‘பகுதிநேரம், மூன்று மாதம்’ என்று ஒரே ஒரு வரி. அந்த இளைஞர்கள் ஒரு நாளில் 500 பக்கங்களை எடுத்துவிடுவார்கள். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நாளில் 15 பத்திரங்களைப் பட்டியலிட்டு முடித்தால் அது நல்ல நாள். எட்டாவது மாதத்தில் படங்கள் 20,000ஐத் தாண்டியிருந்தன; பட்டியல் 400 வரிகளில் நின்றது.

அவசரத்துக்குக் கல்லூரி மாணவர்கள் நால்வரை உட்கார வைத்தேன். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள், ௸ என்றால் மேற்படி என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் குறிகள் வந்த இடமெல்லாம் ‘தெளிவில்லை’ என்று தட்டச்சு செய்து வைத்தார்கள். ஓர் ஒத்திப் பத்திரத்தில் இருந்த ‘தாது வருஷம் கார்த்திகை மாதம்’ என்பதை ஒருவர் 1936 என்று பதிந்தார். அறுபதாண்டுச் சுற்றில் தாது 1816இலும் வரும், 1876இலும் வரும், 1936இலும் வரும். அதே பத்திரத்தின் மூன்றாம் வரியில் பசலி (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) ௲௨௱௮௰௬ என்று தமிழ் எண்ணில் அச்சடித்தாற்போல் எழுதியிருந்தது. 1286உடன் 590ஐக் கூட்டினால் 1876. தாது வருஷப் பஞ்சம் தலைதூக்கிய நாட்களில் ஒரு குடும்பம் தன் நிலத்தை ஒத்திக்கு வைத்த பத்திரம், சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை அமைவதற்கு முந்தைய ஆண்டுக்குப் போய்விட்டது. பஞ்சத்தை ஆராய்கிறவர் 1876 என்று தேடினால் அது அவர் கண்ணில் படவே படாது. ஊர்ப்பெயரிலும் இதே கதைதான்: காளையார்கோவில், காளையார்கோயில், காளையாகோவில் என்று பத்திரத்துக்குப் பத்திரம் எழுத்து மாறியது, பட்டியலில் பத்திரத்தில் உள்ளபடி எழுத ஒரு கட்டமும் இன்றைய பெயருக்கு ஒரு கட்டமும் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

திட்டம் முடிந்து பணமும் தீர்ந்த பிறகு, 1980இல் அந்தப் பதவியே ஒழிக்கப்படும்வரை கர்ணமாக (கிராமக் கணக்கராக) இருந்த பெரியவர் ஒருவரும் நானும் பதினான்கு மாதம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினோம். அவருக்கு நான் கொடுக்க முடிந்தது பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும்தான். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது; முதல் மாதத்திலிருந்தே அவருக்கு முறையான சம்பளம் எழுதியிருக்கலாம், நல்கை தருகிறவர்கள் மறுத்திருக்கவும் மாட்டார்கள்.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே 50 பத்திரங்களை முழுதாகப் பட்டியலிட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து, அந்தக் கணக்கை வைத்து மொத்தத்துக்கும் பெருக்குங்கள். கேமரா ஒன்றா இரண்டா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். ஆவணங்கள் எவ்வளவு என்றே தெரியாத நிலையில் இருந்தால், கள ஆய்வுக்கென்று தனியே உள்ள சிறிய முன்னோடி நல்கையை முதலில் கேளுங்கள்.

‘அரிய பொக்கிஷம்’ என்று எழுதுவது

எத்தனை கட்டு, எத்தனை ஏடு, எத்தனையைக் கரையான் தின்றது என்று எழுதுங்கள்.

மூல ஆவணத்தை அனுப்பிவைப்பது

நாட்டைவிட்டு வெளியே போகவே கூடாது. ஊரைவிட்டும் போகாமலிருந்தால் நல்லது.

ஒரே ஹார்ட் டிஸ்க்

மூன்று பிரதிகள், இரண்டு ஊர்களில்.

வாய்மொழிச் சம்மதம்

வீட்டுப் பெரியவர் காப்பி கொடுத்து, ‘தாராளமா எடுத்துக்குங்க தம்பி’ என்று சொல்லிவிட்டால் நமக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. படம் எடுப்பதற்குத் தரும் சம்மதம் வேறு, அதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்குத் தரும் சம்மதம் வேறு. இரண்டையும் தனித்தனியாக, தமிழில், பங்காளிகள் அனைவருடைய கையெழுத்தோடும் வாங்க வேண்டும். நான் அண்ணனிடம் மட்டும் வாங்கினேன். பத்திரங்கள் இணையத்தில் ஏறிய மூன்றாம் வாரம் தம்பியின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அவற்றில் ஒன்று அவர்களுடைய பாகப்பிரிவினை வழக்கில் இருந்த நிலத்தைப் பற்றியது. ஒரு கட்டு முழுவதையும் அன்றே இறக்கினோம். வழக்கு இன்னும் முடியவில்லை, அந்தக் கட்டும் இன்னும் இணையத்தில் இல்லை.