பிள்ளைகளும் போனும்: பெற்றோர் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

வீட்டில் போன் சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "எவ்வளவு நேரமா பார்த்துட்டு இருக்க?" என்று நாம் கேட்போம். "இப்பதான் எடுத்தேன்" என்று பதில் வரும். அப்புறம் குரல் ஏறும், கதவு சாத்தப்படும். என் பிள்ளைகளிடம் நான் செய்த தவறுகளைத் திரும்பிப் பார்த்தால், முக்கால்வாசி இந்த 'எவ்வளவு நேரம்' என்ற கேள்வியைப் பிடித்துத் தொங்கியதால் வந்தவை. 'எந்த நேரம்' என்று கேட்டிருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

சின்னக் குழந்தைகளுக்கு மணிக்கணக்கு தேவைதான், அதை மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயது ஆகும்வரை திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. வீடியோ அழைப்பில் தாத்தா பாட்டி முகம் பார்ப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் அதற்கு விலக்கு தருகிறது. எதிர்முனையில் இருப்பவர் குழந்தையின் சிரிப்புக்குச் சிரிப்பார், தானாக ஓடும் வீடியோ சிரிக்காது. பட்ரீஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து விளையாடியபோது, ஆங்கில வீட்டில் வளரும் 9 மாதக் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு வீடியோவில் வந்தபோது கற்றுக்கொள்ளவில்லை. 'பாடம் சொல்லித்தரும் சேனல்தானே' என்று கைக்குழந்தை முன் போனைச் சாய்த்து வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பள்ளி வயது வந்த பிறகு மணிக்கணக்கு அவ்வளவாக உதவாது. ஒரு மணி நேரம் படம் வரையக் கற்பதும், ஒரு மணி நேரம் அடுத்தவர் வாழ்க்கையைப் பார்த்து ஏங்குவதும் ஒன்றா என்ன? தூக்கம், ஓடியாடும் நேரம், வீட்டாரோடு பேச்சு: இவற்றில் எதைப் போன் தின்கிறது என்று பாருங்கள்.

அழும்போது கொடுப்பது

இதைச் செய்யாத பெற்றோர் இல்லை. மருத்துவமனை வரிசையில், பேருந்தில், நான்கு பேர் திரும்பிப் பார்க்கும்போது போன் கைக்குப் போய்விடும். எப்போதாவது ஒரு நாள் என்றால் ஒன்றும் ஆகிவிடாது. ஒவ்வொரு அழுகைக்கும் அதுவே மருந்து என்றானால்தான் சிக்கல். கோபமும் சலிப்பும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தானாக அடங்கும் என்பதைக் குழந்தை பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் நாம் திரையை நீட்டிவிடுகிறோம். கூடவே 'அழுதால் கிடைக்கும்' என்ற கணக்கும் அதற்குப் புரிந்துவிடுகிறது. கொடுப்பதாக இருந்தால் அழுகை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், அல்லது அடங்கிய பிறகு கொடுங்கள். நடுவில் மட்டும் வேண்டாம்.

பாதியில் பிடுங்குவது

என் மகனுக்கு 12 வயதிருக்கும். நான்கு முறை கூப்பிட்டும் வரவில்லை என்று, ஆடிக்கொண்டிருந்தபோதே போனைப் பிடுங்கினேன். கத்துவான் என்று நினைத்தேன். அவன் அழுதான். "நாலு பேர் என்னை நம்பி ஆடிட்டு இருந்தாங்கப்பா" என்றான். குழுவாக ஆடும் விளையாட்டில் பாதியில் விட்டுப் போனால் புள்ளி குறையும், சில விளையாட்டுகளில் கொஞ்ச நேரத்துக்குத் தடையும் விழும் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவனை நான் நான்கு பேர் முன்னால் வாக்குத் தவறியவனாக்கிவிட்டேன்.

அந்தக் காலத்து விளையாட்டு இருட்டினால் முடியும், டிவி நிகழ்ச்சிக்கும் ஒரு முடிவு இருந்தது. இன்றைய திரைக்கு அப்படி ஒன்று இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும், விரலால் தள்ளத் தள்ள ரீல்ஸ் வந்துகொண்டே இருக்கும். இப்படி அடியே தட்டாத பக்கத்தை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தார். பெரியவர்களான நமக்கே நிறுத்த வரவில்லை, குழந்தையிடம் "ஏன் நிறுத்த மாட்டேங்கிற" என்று கேட்டு என்ன பயன்?

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நம்பினேன். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளைக் கவனித்தபோது, அந்த 2 நிமிட எச்சரிக்கைக்குப் பிறகு அடம் கூடியதைப் பார்த்தார்கள். வழக்கமாக நிறுத்தும் வேளையிலோ, நிகழ்ச்சி தானாக முடியும்போதோ நிறுத்தினால் குழந்தைகள் எளிதாக விட்டுவிட்டன. நிமிடம் என்பது அந்த வயதில் வெறும் சொல்தானே. ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு "இந்த வீடியோ முடிஞ்சதும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரிய பிள்ளையிடம், "இன்னும் ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் போகும்?" என்று ஆடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரவில் போன் எங்கே தூங்குகிறது?

ஒரே ஒரு விதிதான் வைக்க முடியும் என்றால் நான் இதை வைப்பேன்: இரவில் போன் படுக்கையறைக்குள் இருக்கக்கூடாது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. பதின்ம வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் பின்தங்கும். தூக்கம் வரவழைக்கும் மெலட்டோனின் தாமதமாகத்தான் சுரக்கும். அதாவது தூக்கம் வராத ஒரு மணி நேரம் இயற்கையாகவே அவர்களிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் போன் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் இந்த விதியைப் போட்ட அன்றே என் மகள் கேட்டாள்: "உங்க போன் மட்டும் ஏன் தலையணைக்குப் பக்கத்துல தூங்குது?" அலாரத்துக்கு என்றேன். அடுத்த நாள் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். இப்போது எல்லாப் போனும் ஹாலில்தான் சார்ஜ் ஏறுகிறது.

அவள் சொன்னது இரவுக்கு மட்டும் பொருந்துவதில்லை. உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த ஒரு சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரிக்கும், கை நீட்டும், எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிள்ளை ஏதோ சொல்ல வரும்போது திரையிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்" சொல்லும் நம் முகம் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

"சொன்னா போன் போயிடும்"

மதிப்பெண் குறைந்தால் போன் கட், எதிர்த்துப் பேசினால் போன் கட். எளிதான தண்டனைதான். ஆனால் இதன் விலை பின்னால்தான் தெரியும். இணையத்தில் யாரோ ஒரு பையனிடம் அவன் வயதுப் பெண்போலப் பேசி, அந்தரங்கப் படம் வாங்கிவிடுகிறார்கள். பத்தாவது நிமிடம் "பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் நண்பர்கள் எல்லாருக்கும் போகும்" என்று மிரட்டல் வருகிறது. பதின்ம வயதுப் பையன்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்த நேரத்தில் பையன் மனதில் ஓடுவது என்ன? வெட்கம், பயம், கூடவே 'வீட்டில் சொன்னால் போனை வாங்கிவிடுவார்கள்'. மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான்.

அதனால் எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில் இதைச் சொல்லி வையுங்கள்: "என்ன ஆனாலும் சரி, என்கிட்ட சொன்னதுக்காக உன் போனை வாங்க மாட்டேன்." சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் மேலும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, அந்தத் தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அதற்காகப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் ரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை மட்டும் எடுத்து, சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குக் கொடுக்கிறார்கள். "ஏன் அனுப்பின?" என்ற கேள்விக்கு அடுத்த வாரம் நேரம் இருக்கிறது.

ரகசியமாக வேவு பார்க்கும் செயலியும் இதே கதையில்தான் முடியும். பார்ப்பதாக இருந்தால் சொல்லிவிட்டுப் பாருங்கள். தெரியாமல் பார்த்து மாட்டிக்கொண்டால் பிள்ளை இரண்டாவது கணக்கு தொடங்கும், அதன் பெயர் உங்களுக்குத் தெரியாது.

வயதைக் கூட்டிப்போட்டுக் கணக்கு தொடங்கித் தருவதும் உண்டு. 13 வயது என்ற எல்லை, குழந்தைகளின் தகவலைச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டத்தால் நிலைத்தது. அந்த வயதில் பக்குவம் வந்துவிடும் என்று யாரும் சோதித்துச் சொன்னதல்ல. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து பல சமூக ஊடகங்களுக்கு 16 ஆக்கிவிட்டது. 11 வயதில் 18 என்று போட்டால், 14 வயதில் அந்தக் கணக்குக்கு 21 வயது. சிறார் கணக்குக்கான பாதுகாப்புகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

எடுத்ததற்கெல்லாம் 'அடிமை' என்பது

"போனுக்கு அடிமையாயிட்டா" என்று பிள்ளையின் காதுபடவே சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப்போய், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலாகி, கெடுதல் வந்தும் நிறுத்த முடியாமல், வாழ்க்கை கெடும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது தொடர வேண்டும். விடுமுறையில் மூன்று வாரம் ஆடியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அப்படித் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

ஒரு சமயம் என் மகள் திடீரென்று எந்நேரமும் போனும் கையுமாக ஆனாள். இரண்டு வாரம் திட்டினேன். வகுப்பில் அவளோடு சேர்ந்திருந்த தோழிகள் அவளை ஒதுக்கிவிட்டார்கள் என்பதும், வேறு ஊருக்குப் போய்விட்ட பழைய தோழி ஒருத்திதான் தினமும் பேசுகிறாள் என்பதும் எனக்குத் தெரியாது. அவளாக அதைச் சொல்ல இன்னும் பத்து நாள் ஆனது. அன்று இரவு அவள் போன் ஹாலுக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை.